சரணாலயக் குளமும் பேரேட்டுக் கணக்கும்



சூழ்நிலைப் பொறியியல் பாடத்தில் பி.ஓ.டி., சி.ஓ.டி., கரைந்த ஆக்ஸிஜன் என்று ஏகப்பட்டது படிக்கிறோம். பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் பண்ணி, மறுநாள் எழுதி, பாஸ் பண்ணிவிட்டு மறந்தும் விடுகிறோம். அந்தப் பாடத்தை ஒரு குளத்தின் கரையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதே இந்தக் கட்டுரை. குளம் என்றாலும் சாதாரணக் குளம் இல்லை. பறவையும் விலங்கும் குடித்து வாழும் சரணாலயக் குளம்.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. நெய்க்காரப்பட்டியிலிருந்து தெற்கே திரும்பினால் தெரிகிற மலைத்தொடரின் பெரும்பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே போனால் ஆனைமலை புலிகள் காப்பகம். இன்னொரு பக்கம், பழநி ஊருக்குள்ளேயே வையாபுரிக் குளம். சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மூடி அது கிடந்த கோலத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். நாளைக்கு நம்மில் யாராவது ஓவர்சியராகவோ, காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகவோ போய் நிற்கும்போது, 'இந்தக் குளத்தைச் சரி பண்ண ஓர் எஸ்டிமேட் போடுப்பா' என்று சொல்லத்தான் போகிறார்கள். அப்போது என்ன போடுவது?

ஊர்க் குடிநீர்த் தொட்டி என்றால் படிகாரம், குளோரின் என்று எழுதிவிடலாம். சரணாலயத்தில் அது நடக்காது. குளோரின் மீனையும் கொல்லும், மீனின் இரையையும் கொல்லும். பாசியை ஒழிக்க மயில்துத்தம் போட்டால் தாமிரம் சேற்றில் தங்கிவிடும். ராத்திரி பகலாக ஏரேட்டர் மோட்டாரை ஓட்டினால் கூடு கட்டிய பறவை அந்தப் பக்கமே வராது. ஆகவே இயற்கை முறைதான் வழி என்பதில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் இயற்கை முறை என்றால் எது? நாலு செடி நடுவதா, சும்மா விட்டுவிடுவதா, பாட்டிலில் விற்கிற 'நல்ல பாக்டீரியா' கரைசலை வாங்கி ஊற்றுவதா? இங்கேதான் குழப்பம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் வெல்ல மண்டிப் பேரேடு மாதிரி குளத்துக்கும் ஒரு பேரேடு உண்டு. உள்ளே வரும் சத்து வரவு. வெளியே போகும் சத்து செலவு. வரவைக் குறைக்கவேண்டும், இருப்பில் உள்ளதை எடுத்து வெளியே போடவேண்டும். இந்த இரண்டில் ஒன்றையாவது செய்கிற முறைதான் வேலைக்கு ஆகும். மற்றதெல்லாம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கணக்கை மாற்றி எழுதுவதுதான்.

எது நல்ல தண்ணீர்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உபயோகத்தை வைத்து நீர்நிலைகளை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. கிருமி நீக்கம் மட்டும் செய்தால் குடிக்கலாம் என்பது ஏ வகுப்பு. குளிக்க ஏற்றது பி. வனவிலங்குக்கும் மீன் பெருக்கத்துக்கும் உரியது டி வகுப்பு. அதற்கான அளவுகள் மூன்றே மூன்று: பி.எச். 6.5-க்கும் 8.5-க்கும் இடையில், கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், தனி அம்மோனியா (நைட்ரஜனாகக் கணக்கிட்டு) லிட்டருக்கு 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல்.

மூன்று நம்பர்தானே, சுலபம் என்று தோன்றும். ஆனால் இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்துத் தொங்குகிறவை. எப்படி என்று பார்ப்போம்.

30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்ஸிஜனே லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம்தான். 20 டிகிரியில் 9.1 பிடிக்கும். நம்ம பக்கத்து வெயிலில் குளம் ஆரம்பத்திலேயே ஏழைதான். அந்த 7.5-ல் 4-ஐ மீதம் வைத்துக் குடித்தனம் நடத்தவேண்டும்.

பச்சைப் பாசி நிறைந்த குளத்தில் பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனை விடுகிறது. மத்தியானம் 2 மணிக்குப் போய் மாதிரி எடுத்தால் 10, 12 என்றுகூட ரீடிங் வரும். 'அடடா, அருமையான தண்ணி' என்று ரிப்போர்ட் எழுதிவிடலாம். அதே பாசி ராத்திரியில் சுவாசிக்க ஆக்ஸிஜனைத் தின்கிறது. அடியில் அழுகும் குப்பையும் தின்கிறது. விடியற்காலையில் அதே குளத்தில் 1 அல்லது 2 இருக்கலாம். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில் என்பதற்கு இதுதான் காரணம். மத்தியான ரீடிங்கை மட்டும் வைத்து ஒரு குளத்துக்கு நற்சான்று கொடுப்பது, சம்பளத் தேதியில் ஒருவரின் பர்ஸைப் பார்த்துப் பணக்காரர் என்று முடிவுகட்டுவது போல.

இன்னொரு சங்கதி. பகலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். ஏறுகிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு ரூபத்தில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும்வரை அவ்வளவு ஆபத்தில்லை. தனி அம்மோனியாவாக மாறினால் மீனுக்கு விஷம். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதம்கூடத் தனி அம்மோனியா இல்லை. பி.எச். 8-ல் சுமார் 7.5 சதவீதம். பி.எச். 9-ல் கிட்டத்தட்ட 45 சதவீதம்! யாரும் புதிதாக ஒரு சொட்டு அம்மோனியாகூட ஊற்றவில்லை. பாசி பெருத்தது, அவ்வளவுதான். ஆக, மூன்று நம்பருக்கும் பின்னால் நிற்கும் ஆள் ஒருவர்தான். அது பாசி. பாசிக்குப் பின்னால் நிற்பது பாஸ்பரஸ்.

ஒரு கிராம் செய்யும் வேலை

நன்னீர்க் குளங்களில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டிப்போடுவது பாஸ்பரஸ். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிகள் உண்டு. பாஸ்பரஸைக் காற்றிலிருந்து பிடிக்க எந்தப் பாசிக்கும் தெரியாது. பாசியின் சராசரி வேதிச் சேர்மானத்தில் 106 கார்பனுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்று வரும். ரெட்ஃபீல்டு விகிதம் என்று இதற்குப் பெயர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிராம் பாஸ்பரஸிலிருந்து சுமார் 114 கிராம் உலர் பாசி உருவாக முடியும். அது செத்து முழுக்க மட்க சுமார் 140 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 7.5 கிராம் இருக்கிறது என்றோம். அதாவது ஒரு கிராம் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட 19 கன மீட்டர் தண்ணீரின் ஆக்ஸிஜன் முழுவதையும் தீர்த்துவிடும். இரண்டு தண்ணீர் லாரி அளவு!

இந்தப் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? சாக்கடை, சோப்புத்தூள், கரும்புக்கும் நெல்லுக்கும் போட்ட உரத்தில் மழை அடித்துக்கொண்டுவரும் பங்கு, சாணம், பறவை எச்சம். ஆமாம், பறவை எச்சமும்தான். சரணாலயத்தில் யாரைக் காப்பாற்ற நிற்கிறோமோ அவர்களே வரவுப் பக்கத்தில் பெரிய புள்ளி.

வேடந்தாங்கல் பேரேடு

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் சரணாலயம் என்பதே ஓர் ஏரிதான். பரப்பு சுமார் 30 ஹெக்டேர். வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுதி வாங்கிய ஊர் இது. 1936-ல் சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஊர்க்காரர்கள் எதற்காக அந்தப் பாடுபட்டார்கள்? பறவைப் பாசம் இருந்திருக்கும். கூடவே ஒரு விவசாயக் கணக்கும் இருந்தது. நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் சுற்றுவட்டாரத்து வயல், ஏரி எல்லாம் மேய்ந்துவிட்டு இங்கே வந்து ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. 'எங்க ஏரித் தண்ணி பாய்ஞ்சா தனியா உரம் வேணாம்' என்பது அந்தப் பக்கத்து விவசாயிகள் தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு. நம் பாஷையில் சொன்னால், பறவை வரவு வைக்கிறது, மதகு செலவு எழுதுகிறது.

இன்னும் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் நிறையும் ஏரி கோடையில் வற்றிவிடும். சுற்றுலாப் பயணிகளுக்கு வறண்ட ஏரியைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். ஆனால் வற்றுவது ஏரிக்கு நோயில்லை, லங்கணம். காரணம் சேற்றில் இருக்கிறது. சேற்றிலுள்ள இரும்பு, ஆக்ஸிஜன் கிடைக்கும்போது பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வருஷம் முழுக்கத் தண்ணீருக்கடியில் மூச்சுத்திணறிக் கிடந்தால் அதே இரும்பு பிடியை விட்டுவிடும். பாஸ்பரஸ் மறுபடி தண்ணீரில் கரையும். வற்றி, வெடித்து, வெயில் பட்ட சேறு காற்றை வாங்கி இறுகிவிடுகிறது. நீரிலேயே பிழைக்கும் களைகளும் வேண்டாத மீன்களும் பெரும்பாலும் தொலைகின்றன. காய்ந்த தரையில் ஆடு மாடு மேய்கிறது, வண்டல் அள்ளலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: காய்ந்த ஏரி மறுபடி நிறையும் முதல் சில நாட்களில் சத்து கொஞ்சம் வெளியே கசியும். முதல் நிறைவின் பச்சைத் தண்ணீரைப் பார்த்துப் பயந்து எஸ்டிமேட் போடக் கூடாது.

இப்போது யோசியுங்கள். 'பறவைக்குத் தண்ணீர் வேண்டும்' என்று நல்ல எண்ணத்தில் ஒருவர் மதகை நிரந்தரமாக அடைத்து, போர் போட்டு, வருஷம் முழுக்கக் குளத்தை நிரப்பிவைத்தால் என்ன ஆகும்? வரவு நிற்கவில்லை, செலவு மட்டும் நின்றுவிட்டது. சில வருஷத்தில் அது பச்சைக் குழம்புதான். கூழைக்கடா மீன் பிடிப்பதால் சத்து குறையாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அதே குளத்து மீனைத் தின்றுவிட்டு அதே குளத்து மரத்தில் உட்கார்ந்து எச்சமிட்டால் கணக்கில் என்ன மாறும்? வெளியூரில் தின்றுவிட்டு இங்கே வந்தால் இன்னும் வரவுதான்!

எருமைகள் சொல்லிக்கொடுத்த பாடம்

'நீ எருமை மேய்க்கத்தான் லாயக்கு' என்று நம்மைத் திட்டாத வாத்தியார் இல்லை. அந்த வேலையின் அருமை தெரியவேண்டுமானால் ராஜஸ்தானின் பரத்பூருக்குப் போகவேண்டும்.

அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. 29 சதுர கிலோமீட்டர்தான். இதுவும் மனிதன் அமைத்த நீர்நிலையே. பக்கத்து அஜான் அணையிலிருந்து தண்ணீர் விட்டு உருவாக்கியது. மகாராஜாக்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்து, 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத்தள்ளிய இடம். பிறகு காலம் மாறியது. 1981-ல் ராம்சார் பட்டியல், அதையொட்டித் தேசியப் பூங்கா அந்தஸ்து, 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் கூடாது என்பது சட்டம். அதுவரை சுற்றுக் கிராமத்து எருமைகள் உள்ளே போய் மேய்ந்துகொண்டிருந்தன. 1982 நவம்பரில் தடை வந்தது. கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப்பலியும் ஆனது. தடை நிலைத்தது. எருமை போய்விட்டது, இனி பறவை பெருகும் என்று எதிர்பார்த்தார்கள்.

நடந்தது வேறு. பாஸ்பேலம் என்ற நீர்ப்புல் தடையில்லாமல் வளர்ந்து திறந்த தண்ணீரை மூட ஆரம்பித்தது. புல் மூடிய இடத்தில் வாத்து இறங்க முடியாது. மீனுக்கும் இடமில்லை. அழுகும் புல் ஆக்ஸிஜனைத் தின்று, அடித்தளத்தை மேடாக்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வி.எஸ். விஜயன் தலைமையில் 1980களில் பத்து வருஷம் அங்கே உட்கார்ந்து ஆராய்ந்து, எருமை மேய்ச்சலை நிறுத்தியது நீர்நிலைக்குக் கெடுதல் என்றே 1991-ல் முடிவு சொன்னார்கள். மேய்ச்சல் தடையை ஆதரித்த தரப்பிலிருந்து வந்த முடிவு அது. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம். 1990-ல் ராம்சார் அமைப்பின் ஆபத்துப் பட்டியலிலும் அந்தப் பூங்கா ஏறியது. தண்ணீர்ப் பற்றாக்குறையும் இந்தப் புல்லும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. பின்னாளில் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துக்கொண்டு போக அனுமதி கொடுத்தார்கள்.

எருமை தண்ணீருக்குள் சாணம் போடாதா? போடும். ஆனால் பகலெல்லாம் தின்ற புல்லில் ஒரு பங்கு பாலாகவும், ராத்திரி தொழுவத்தில் விழும் சாணமாகவும் பூங்காவுக்கு வெளியே போய்விடுகிறது. சம்பளம் வாங்காத புல்வெட்டும் மெஷின். ஆனால் கணக்கு தலைகீழாகவும் போகலாம். ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொண்டுவந்து சின்னக் குளத்தில் விட்டால் வரவுதான் ஏறும். எத்தனை மாடு, எத்தனை மாதம் என்பதை அந்தந்தக் குளத்தில்தான் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

செடி நட்டால் போதுமா?

'ஆகாயத்தாமரை அழுக்கை உறிஞ்சும், அதனால் விட்டுவிடலாம்' என்று சிலர் சொல்வார்கள். உறிஞ்சுவது நிஜம். வாட்டமான இடத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. ஆனால் உறிஞ்சியதை எங்கே வைத்திருக்கிறது? தன் உடம்பில். அறுத்துக் கரையேற்றாவிட்டால் அழுகி, உறிஞ்சியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். வட்டியாகக் கரிமக் கழிவும் சேரும். இந்தச் செடியைத் தின்னும் தென் அமெரிக்கக் கூன்வண்டுகளைத் தருவித்து 1980களில் பெங்களூரில் விட்டார்கள். செடி குறைந்த இடங்கள் உண்டு. ஆனால் வண்டு தின்று சாய்த்த செடி குளத்தடியிலேயே மூழ்கினால் பேரேட்டில் என்ன செலவு விழுந்தது? ஒன்றுமில்லை. களை குறைந்தது லாபம், சத்து குறையவில்லை.

நம் பாட்டிமார் கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தெளியவைத்தார்கள். நம்ம மாவட்டத்தில் ஏராளமாக விளையும் முருங்கையின் விதைக்கும் அதே குணம் உண்டு. அதிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்குகிறது. படிகாரம் செய்யும் அதே வேலை. பானைக்கு அருமையான வைத்தியம், ஏனென்றால் தெளிந்த நீரை மேலாக இறுத்துக்கொண்டு வண்டலைக் கொட்டிவிடுகிறோம். குளத்தில் வண்டலை யார் கொட்டுவது? அது அடியிலேயே கிடக்கும். கூடவே அரைத்துப் போட்ட விதையின் கரிமப் பொருளும் பி.ஓ.டி.யை ஏற்றும்.

வாசலிலேயே பிடிப்பது

ஒரு கணக்கு போடுவோம். சரணாலய ஓரத்தில் 500 பேர் வாழும் ஒரு குக்கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.5 கிராம் பாஸ்பரஸ் கழிவில் போகிறது என்று கொண்டால் நாளைக்கு 750 கிராம்; வருஷத்துக்கு சுமார் 274 கிலோ. இதெல்லாம் குளத்துக்குப் போனபின் ஆகாயத்தாமரையாக அறுத்து எடுப்பதானால்? பச்சைச் செடியில் 95 சதவீதம் தண்ணீர். 10 டன் பச்சையில் 500 கிலோதான் உலர் எடை; அதில் பாஸ்பரஸ் 0.4 சதவீதம் என்றால் 2 கிலோ. ஆக 274 கிலோவுக்கு 1,370 டன் அறுக்கவேண்டும். பத்து டன் டிப்பரில் 137 நடை, வருஷா வருஷம்! அதைவிட வரத்துக் கால்வாயிலேயே நிறுத்துவது எவ்வளவு சுலபம்.

அங்கே உதவுவதுதான் நாணல் படுகை. 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடெல் என்ற அம்மையார் ஆரம்பித்துவைத்த ஆராய்ச்சி இது. சரளைக்கல் நிரப்பிய ஆழமில்லாத தொட்டியில் நாணல், சம்பு, கல்வாழை மாதிரிச் செடிகள். கழிவுநீர் கல்லுக்குள்ளேயே மெதுவாக ஓடும், மேலே தெரியாது, கொசுவும் வராது. வேலை செய்வது முக்கியமாகக் கல்லிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா. டெல்லியில் நீலா ஹவுஸ் ஏரி சாக்கடையும் இடிபாடுகளும் கொட்டிக் கெட்டுக்கிடந்தது. டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் 2010களின் பிற்பாதியில் சாக்கடையைக் கல்வரிசைகளுக்கும் நீர்ச்செடிகளுக்கும் நடுவே ஓடவிட்டுத் தெளியவைத்து ஏரிக்குள் அனுப்பும் அமைப்பை மோட்டார் இல்லாமலே அமைத்தார்கள். பறவைகள் திரும்பி வந்தன.

நம்ம 500 பேருக்கு எவ்வளவு பெரிய படுகை வேண்டும்? ஆளுக்கு 100 லிட்டர் வீதம் நாளைக்கு 50 கன மீட்டர். செப்டிக் டேங்கில் படிந்தபின் பி.ஓ.டி. 150; வெளியேறும்போது 30 வேண்டும். சூத்திரம் இது: ஓட்டத்தை, இரண்டு பி.ஓ.டி.களின் இயல் மடக்கை வித்தியாசத்தால் பெருக்கி, வினைமாறிலியால் வகுக்கவேண்டும். 150-ஐ 30-ஆல் வகுத்தால் 5. அதன் இயல் மடக்கை 1.609. வினைமாறிலியை நாளைக்கு 0.1 மீட்டர் என்று எடுத்தால் 50 × 1.609 ÷ 0.1 = சுமார் 805 சதுர மீட்டர். இருபது சென்ட் நிலம். படுகை ஆழம் 0.6 மீட்டர், இடைவெளி 40 சதவீதம் என்றால் தண்ணீர் உள்ளே தங்கும் காலம் 805 × 0.6 × 0.4 ÷ 50, அதாவது சுமார் 3.9 நாள். வைவாவில் கேட்டால் சொல்வதற்கு இது போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நாணல் படுகை பி.ஓ.டி.யை நன்றாகக் குறைக்கும். பாஸ்பரஸை அப்படிக் குறைக்காது. புதுச் சரளை கொஞ்ச காலம் பிடித்துவைக்கும், பிறகு நிரம்பிவிடும். ஆகவே வெளியேறும் நீரைக் குளத்தில் விடுவதைவிடத் தென்னந்தோப்புக்கோ தீவனப் புல்லுக்கோ பாய்ச்சுவது புத்திசாலித்தனம். நாணலை அவ்வப்போது அறுத்துக் கூரைக்கோ எருவுக்கோ வெளியே அனுப்பவேண்டும்.

வண்டல், கரை, சட்டம்

பழைய இருப்பைக் காலி பண்ண வண்டல் அள்ளுவது நம்ம ஊர் வழக்கம். குடிமராமத்து என்ற பெயரே அதற்குச் சாட்சி. ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு 2017-ல் வழி செய்தது. சரணாலயக் குளத்தில் இதைச் செய்யும்போது ஜே.சி.பி.யைக் கண்டபடி ஓட்டிச் சட்டி மாதிரித் தோண்டி, நாலு பக்கமும் செங்குத்தாகக் கல் பதித்துவிட்டால் அளவுப் புத்தகத்தில் அழகாக இருக்கும். பறவைக்கு அங்கே வேலை இல்லை. நாரையும் கொக்கும் முழங்கால் ஆழத்தில் நின்றுதான் இரை தேடும். கரைச்சரிவு படுத்திருக்கவேண்டும். கோரை வளரும் அந்த ஓரம்தான் மழைநீரோடு வரும் மண்ணையும் உரத்தையும் முதலில் வடிகட்டுகிறது. நடுவில் ஆழம், ஓரத்தில் தட்டை என்று வைத்து, ஒரு பாதியை இந்த வருஷம், மறு பாதியை அடுத்த வருஷம் என்று அள்ளினால் உயிரினங்களுக்கும் ஒதுங்க இடம் இருக்கும்.

அதைவிட முக்கியம், அனுமதி. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 29-வது பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள்ளிருந்து வனப்பொருள் எதையும் எடுக்கக் கூடாது. உள்ளே வரும் அல்லது வெளியே போகும் நீரோட்டத்தைத் திருப்பவோ தடுக்கவோ கூட்டவோ கூடாது. வனவிலங்கின் நன்மைக்கு அது தேவை என்று அரசும் திருப்திப்படவேண்டும். மதகு திறப்பது, புல் அறுப்பது எல்லாமே இதில் அடங்கும். நாம் கேட்கப்போவது அனுமதி என்பதால் கையில் ரீடிங் இருக்கவேண்டும்.

ப்ராஜெக்ட் செய்ய நினைப்பவர்களுக்கு

சரணாலயத்துக்குள் போக முடியாவிட்டால் ஊர்க் குளத்திலேயே பழகலாம். ஒர்க்‌ஷாப்பில் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு தகடு வெட்டி, நாலு கால்பாகமாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்து, நடுவில் கயிறு கட்டினால் செக்கி தட்டு தயார். தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பாருங்கள். பாசியோ சேறோ கூடக்கூட அந்த ஆழம் குறையும். செலவு முப்பது நாற்பது ரூபாய்தான்.

கரைந்த ஆக்ஸிஜனுக்கு நம்ம லேபில் உள்ள விங்க்ளர் முறையே போதும். காலை 6 மணிக்கு ஒரு மாதிரி, மத்தியானம் 2 மணிக்கு ஒரு மாதிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளத்தின் ஜாதகம். 300 மில்லி பி.ஓ.டி. பாட்டிலைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட் 2 மில்லி, அல்கலி-அயோடைடு-அசைடு 2 மில்லி விட்டு மூடிக் கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்புத் திரிதிரியாக வந்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அதற்கு மேல் டைட்ரேஷனே தேவையில்லை, குளம் பதில் சொல்லிவிட்டது. படிந்தபின் அடர் கந்தக அமிலம் 2 மில்லி விட்டுக் கரைத்து, வெயில் படாமல் லேபுக்குக் கொண்டுவந்து, அதில் 203 மில்லி எடுத்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டால், ஸ்டார்ச் நீலம் மறையும்வரை டைட்ரேட் செய்யவேண்டும். ஆன மில்லி எவ்வளவோ அதுவே லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் ஆக்ஸிஜன். காலை மாதிரியில் 4-க்குக் கீழே வந்தால் டி வகுப்பு தேறவில்லை.

மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், மழைக்கு முன்னும் பின்னுமாக எடுத்தால்தான் ஒப்பிட முடியும். அமிலம் விட்ட பாட்டிலின் மிச்சத்தைக் கரையிலேயே சாய்த்துவிட்டு வரவேண்டாம். ஒரு கேனில் ஊற்றி லேபுக்கு எடுத்து வந்து லேப் சாரிடம் ஒப்படையுங்கள். அதில் அசைடு இருப்பதால் சிங்கிலும் ஊற்றக் கூடாது.